தெளிவாகத் தெரிந்தால் கரைந்துவிட்டது என்று பொருளல்ல

வணக்கம். 8 சதவீத பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பாலிமர்) கரைசல் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும், உலர்ந்த படலத்தில் புள்ளிகள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூள் முழுமையாகக் கரையவில்லை என்றே நினைக்கிறேன். நீரை உறிஞ்சி உப்பிய துகளின் ஒளிவிலகல் எண் நீரின் எண்ணுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் பீக்கரில் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஒரு கண்ணாடித் தகட்டைக் கரைசலில் முக்கி எடுத்து, சாய்த்து வடியவிடுங்கள். விளக்கொளியைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். மணல்போல் மேடுகள் தெரிந்தால் அவைதான் உங்கள் புள்ளிகள். அடுத்து, கரைசல் சூடாக இருக்கும்போதே 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்ணிகள் உள்ள) சல்லடையில் வடிகட்டுங்கள். வடிந்ததில் 5 கிராம் எடுத்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். சுமார் 0.40 கிராம் மிஞ்ச வேண்டும். தெளிவாகக் குறைந்தால் மீதி சல்லடையில் தங்கியிருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: சூடாக்கும்போது ஆவியான நீரை எடைபார்த்து ஈடுசெய்யாவிட்டால் இந்தக் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும்.

தூளைச் சுடுநீரில் கொட்டினீர்களா? அப்படியானால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்திருக்கும். குளிர்ந்த நீரில் கலக்கிக்கொண்டே தூவுங்கள், பிறகு சூடேற்றுங்கள். 98 சதவீதத்துக்கு மேல் நீராற்பகுக்கப்பட்ட (அதாவது, தயாரிப்பின்போது அசிட்டேட் தொகுதிகள் அந்த அளவுக்கு ஆல்கஹாலாக மாற்றப்பட்ட) ரகம் என்றால், 90 முதல் 95 டிகிரியில் குறைந்தது அரை மணி நேரம் கலக்க வேண்டும். 88 சதவீத ரகத்துக்கு இவ்வளவு சூடு தேவையில்லை. பையில் உள்ள ரக எண்ணைத் தெரிவியுங்கள்.