எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

கேள்வி: மெக்சிகோக்காரரும் பிரேசில்காரரும் 'நாங்களும் அமெரிக்கர்கள்தான்' என்கிறார்கள். வாஷிங்டன்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையான அமெரிக்கர் யார்?

பதில்: 'உண்மையான' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அல்வாக் கடைகள் ஞாபகத்துக்கு வரும். இரண்டு வாசலிலும் 'ஒரிஜினல்' என்று பலகை, கீழே பொடி எழுத்தில் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'. ஒருத்தர் பலகை மட்டும் கொஞ்சம் பெரிது, சீரியல் பல்பும் மாட்டியிருப்பார்.

இந்த விவகாரத்தில் பல்பு மாட்டியவர் வடக்கே இருக்கிறார். ஆனால் பெயரை முதலில் ஒட்டியது தெற்கே. 1507-இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர் போட்ட உலகப்படத்தில், இன்றைய பிரேசில் பக்கம்தான், இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சியின் நினைவாக 'அமெரிக்கா' என்று எழுதியிருக்கிறது. 1513-இல் வந்த அவருடைய வேறொரு படத்தில் அந்தப் பெயரைக் காணோம். 'அறியாத நிலம்' என்று போட்டு, கண்டுபிடித்தவர் கொலம்பஸ் என்று குறிப்பும் சேர்த்துவிட்டார். பெயர் வைத்தவர் வாபஸ் வாங்கிவிட்டார், ஊர்தான் விடவில்லை. அந்த 1507 படத்தை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் 2003-இல் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அச்சில் போட்டு அப்புறம் வாபஸ் வாங்கிய சமாச்சாரத்துக்கு இவ்வளவு விலை என்று தெரிந்திருந்தால், நம் பத்திரிகையின் பழைய இதழ்களை எடைக்குப் போட்டிருக்க மாட்டேன்.

ஸ்பானிஷில் 'எஸ்தாதோஉனிதென்சே' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'ஐக்கிய நாட்டுக்காரர்' என்று அர்த்தம். அதிலும் வம்பு, மெக்சிகோவின் முழுப்பெயரே 'மெக்சிகோ ஐக்கிய நாடுகள்'தான். தமிழில் அப்படி எழுதினால் ஐ.நா. சபையில் வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பிழைதிருத்துநருக்கு இதெல்லாம் கவலையில்லை. இருபது வருடமாக நான் 'அமெரிக்கர்' என்று எழுதுவேன், அவர் அடித்து 'அமெரிக்க ஐக்கிய நாட்டினர்' என்று போடுவார், நான் அதை அடிப்பேன். தலைப்பில் இடம் பற்றாதே ஐயா என்றால், எழுத்தைச் சின்னதாக்குங்கள் சார் என்பார்.

சரி, பலகையில் பெயர் இருந்தும் பந்தியில் இலை கிடைக்காத கதை ஒன்று உண்டு. பசிபிக் கடலில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே, எந்த அமெரிக்கக் கண்டத்துக்கும் பக்கத்தில் இல்லாத தீவுக்கூட்டம். பெயர் அமெரிக்கன் சமோவா. 1900 முதல் வாஷிங்டனின் வசம். பெற்றோர் வழியில் குடியுரிமை வந்தால் உண்டு, அங்கே பிறந்ததனால் மட்டும் வராது. பட்டாளத்தில் சேரலாம், அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. அலாஸ்காவில் குடியேறி ஓட்டுப் போட்ட சிலர்மேல் வழக்கே போட்டார்கள். பாஸ்போர்ட்டில் அதே நீல அட்டை, அதே கழுகு. உள்ளே மட்டும் 'நேஷனல், ஆனால் சிட்டிசன் அல்ல' என்று ஒரு வரி.

அந்த வரியைத் தமிழில் போட்டுத் தாருங்கள் என்று பிழைதிருத்துநரிடம் நீட்டினேன். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் 'நாட்டவர்தான், ஆனால் நாட்டுக்காரர் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். நான் அடிக்கவில்லை.