புகைப்பழக்கத்தை விடுவதில் இ-சிகரெட்டின் பங்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் புகைநிறுத்தச் சேவை ஒன்றில் ஆலோசகராகப் பணியாற்றி நாகர்கோவில் திரும்பியிருக்கும் நம் உறுப்பினர், குமரி மாவட்ட அன்பர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

மார்த்தாண்டம்: சகோதரி, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அங்குள்ள சேவையிலேயே இ-சிகரெட் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் ஒரு சிகிச்சையா?

உங்கள் தயக்கம் நியாயமானதே. அடிமைப்படுத்துவது நிகோடின் என்றாலும், நோய்க்குப் பெரும் காரணம் புகையிலை எரிவதால் உண்டாகும் தாரும் பிற நச்சுகளுமே. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை; நிகோடின் கலந்த திரவம் மின்சாரத்தால் சூடாகி ஆவியாக வருகிறது. அதற்காக அது தீங்கற்றது என்று கொள்ள வேண்டாம். 2019-ல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், வாராந்திர ஆலோசனையோடு இ-சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குப் பின்னும் புகைக்காதிருந்தனர். ஆனால் இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் அதை விட்டிருக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

நாகர்கோவில்: கருவியைக் கொடுத்த பிறகு ஆலோசகருக்கு என்ன வேலை?

வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. காலையில் கண்விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்போம். அரை மணிக்குள் என்றால் வீரியம் கூடிய திரவம் தேவைப்படலாம். அங்கே சட்டப்படி மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடினே உச்சம். பயந்து வீரியம் குறைந்ததை வாங்குபவர், ஆசை அடங்காமல் மாலையிலேயே பெட்டிக்கடைக்குப் போய்விடுவார். இழுக்கும் முறையையும் கற்றுத்தர வேண்டும்: சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்தால் இருமல்தான் வரும், மெதுவாக மூன்று நான்கு நொடி இழுக்க வேண்டும். பிறகு புகைப்பழக்கத்தை விடும் நாளைக் குறித்து, வாரந்தோறும் சந்தித்து, புகைப்பதால் மூச்சில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அளப்போம். இருபதைத் தாண்டியிருந்த எண் அடுத்த வாரம் மூன்றாக இறங்கியதைக் கண்ட ஒருவர், அந்த அளவுக் கருவியை விட்டு நகரவே மறுத்தார்.

மார்த்தாண்டம்: விடுமுறைக்கு வரும்போது மகன் அதைக் கொண்டுவரலாமா?

கூடாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வதே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பயணத்துக்கு முன்பே ஆலோசகரிடம் சொல்லி, பட்டைக்கோ சூயிங்கத்துக்கோ மாறிப் பழகிக்கொள்ளட்டும்.

குலசேகரம்: சிகரெட்டே தொடாத கல்லூரி மாணவன் இதைப் பழகினால்?

அவனுக்கு இதில் நட்டம் மட்டுமே.

குளச்சல்: நாட்கணக்கில் கடலிலேயே தங்கும் தங்கல் மீன்பிடிப்புக்குப் போகிறவன் நான். இங்கே எனக்கு என்ன வழி, அக்கா?

தம்பி, இ-சிகரெட் இல்லாவிட்டாலும் அந்த ஆலோசனை இங்கேயும் உண்டு. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. முதல் சில நாட்களே மிகக் கடினமானவை என்பதால், கரையில் இருக்கும்போதே, படகு புறப்பட ஒரு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். அதை மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கிய பின் மீண்டும் மெல்ல வேண்டும். சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம், மருந்து சரியாக ஏறாது. படகை ஓட்டும் ஸ்ராங்கிடமும் சொல்லி வையுங்கள், உங்களுக்குப் பீடி நீட்டாதிருக்கட்டும்.