மாடல் ரயில் கேள்வி பதில்: மாடிப்படில இறங்குற டேபிளா பாத்து போடுங்க

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல டேபிள் பத்தின கேள்விதான், அதுலயும் வடசென்னைல இருந்து நெறைய. எந்த எஞ்சின் வாங்கலாம்னு கேக்குறது போய், வாங்குன எஞ்சினை எது மேல ஓட்டுறதுன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா டேபிள் சரியில்லன்னா மேல எவ்ளோ துட்டு போட்டாலும் வண்டி தடம் புரண்டுகிட்டேதான் இருக்கும்.

அண்ணே, பழைய வண்ணாரப்பேட்டைல மூணாவது மாடி, வாடகை வீடு. பத்துக்கு பத்து ரூம் ஒண்ணு காலியா இருக்கு. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை அப்படியே கால் வச்சு போட்டு ஹெச்ஓ (நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு அளவு) மாடல் ஓட்டலாம்னு ஆசை. சரியா வருமா?

தம்பி, ஆசை சரிதான், ஆனா அந்த ஷீட்டை போடாதீங்க. மேல ஏத்துறதுகூட கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்திடுவீங்க, தண்டவாளம், வயரிங், ஸ்டேஷன், மரம் எல்லாம் ஒட்டினப்புறம் வீட்டுக்காரர் வந்து ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்கன்னு சொன்னா எப்படி இறக்குவீங்க? நம்ம பக்கத்து மாடிப்படில பீரோ திரும்பறதே பெரும்பாடு. வாடகை வீட்டுல இருக்கறவங்க டேபிள் போடும்போது முதல்ல அளக்க வேண்டியது ரூமை இல்ல, மாடிப்படி திரும்புற இடத்தை.

இன்னொண்ணு, எட்டுக்கு நாலு அளவு ஏன் இவ்ளோ பிரபலம் ஆச்சுன்னா அமெரிக்க செட்டோட வழக்கமா வர்ற வளைவு 18 இஞ்ச் ரேடியஸ், முழு வட்டம் 36 இஞ்ச், ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஓரம் விட்டா நாலு அடி, அவ்ளோதான் கணக்கு. அந்த வளைவுல சின்ன எஞ்சின், குட்டி வேகன் ஓடும். நம்ம எக்ஸ்பிரஸ் வண்டில வர்ற எல்ஹெச்பி கோச் 23.54 மீட்டர் நீளம், 87-ல வகுத்தா 27 சென்டிமீட்டர், அதை 18 இஞ்ச் வளைவுல ஓட்டினா கோச்சோட நடுபாகம் தண்டவாளத்தை விட்டு உள்ள தள்ளி தொங்கும், முனை வெளிய நீட்டும், பாக்கவே கஷ்டமா இருக்கும். எல்ஹெச்பிதான் வேணும்னா 30 இஞ்ச் ரேடியஸுக்கு இடம் பாருங்க, இல்லன்னா 'N' ஸ்கேலுக்கு போங்க, நிஜத்துல 160-ல ஒரு பங்கு, அதே கோச் 15 சென்டிமீட்டருக்குள்ள அடங்கிடும். அப்புறம் கை எட்டணும். ஒரு பக்கத்துல நின்னு சௌகரியமா எட்டுறது 30 இஞ்ச்தான், பத்தடி ரூம்ல நாலடி டேபிளை சுவத்தோட ஒட்டி போட்டீங்கன்னா பின்னாடி மூலைல வண்டி கவுந்தா டேபிள் மேல ஏறித்தான் எடுக்கணும்.

நான் சொல்றது, சுவத்தை ஒட்டி எல் மாதிரி ரெண்டு பக்கம் போடுங்க, அகலம் ஒண்ணரை அடி, மிஞ்சினா ரெண்டடி. மூலைல கோச் திரும்பணும்னா அந்த ஒரு பீஸை மட்டும் கொஞ்சம் அகலமா அடிச்சுக்கலாம். ஒவ்வொரு துண்டும் நாலடிக்கு மேல வேணாம். ஒரு ஆளு தனியா தூக்கிட்டு படில இறங்கணும், அதுதான் அளவு.

துண்டு துண்டா போட்டா தண்டவாளம் சேருற இடத்துல மேடு பள்ளம் வராதான்னு அடுத்து கேப்பீங்க. வராம பண்ண ஒரு வழி இருக்கு, செலவும் கம்மி. கதவுக்கு போடுற கீல் ஒரு ஜோடி வாங்குங்க. ரெண்டு டேபிளையும் சேத்து வச்சு கிளாம்ப் போட்டு, ரசமட்டம் வச்சு மட்டம் பாத்து, சேருற இடத்துல பக்கவாட்டுல கீலை ஸ்க்ரூ பண்ணுங்க, ஒரு இதழ் இந்த டேபிள்ல, இன்னொரு இதழ் அந்த டேபிள்ல. ரெண்டு பக்கமும் போட்டதுக்கு அப்புறம் கீலோட நடு ஊசியை தட்டி எடுத்துட்டு, அதே தடிமன்ல உருவி எடுக்குற மாதிரி கம்பி போட்டுக்கோங்க. கம்பியை உருவினா டேபிள் பிரியும், சொருகினா ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதான் வந்து நிக்கும்.

தண்டவாளத்தோட முனைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற காப்பர் போர்டு, சர்க்யூட் பண்றதுக்கு விப்பாங்களே, அதுல ஸ்லீப்பர் (ரெயிலுக்கு அடில இருக்குற குறுக்குக் கட்டை) அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒவ்வொரு டேபிள் ஓரத்துலயும் ஒண்ணு ஒட்டி, அதுமேல ரெயிலை சால்டர் பண்ணிடுங்க. மறக்காம அந்த காப்பரை ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல அரத்தால கீறி விடுங்க, இல்லன்னா ஷார்ட் ஆகிடும். ரெயிலை ரெண்டு டேபிளுக்கும் சேத்து ஒரே நீளமா போட்டு சால்டர் பண்ணிட்டு கடைசில ஜாயின்ட்ல மெல்லிசா ரம்பம் வச்சு அறுத்தீங்கன்னா ரெண்டு முனையும் நேருக்கு நேர் அப்படியே நிக்கும்.

ராயபுரத்துல தாத்தா காலத்து வீடு, சொந்த வீடுதான். சுவத்துல பிராக்கெட் அடிச்சு ஷெல்ஃப் மாதிரி லேஅவுட் போட்டா கீழ இடம் மிச்சம் ஆகும்ல?

மிச்சம் ஆகும், ஆனா உங்க சுவர் சுண்ணாம்பு காரையா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஓட்டை போட்டு பாருங்க, செவப்பா வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா பிளக்கு பிடிக்காது, இன்னிக்கு நிக்கும், கொஞ்ச நாள்ல பொலபொலன்னு விட்டு வந்துடும். கால் வச்சே போடுங்க. காலை சுவத்தோட ஒட்டி வச்சு, மேல மட்டும் ஒரு ஸ்க்ரூல சுவத்தை பிடிக்க விடுங்க, வெயிட்டு முழுக்க தரைலதான் இறங்கணும். பழைய வீட்டு தரை எங்கயும் மட்டமா இருக்காது, அதனால ஒவ்வொரு கால் அடிலயும் ஒரு நட்டை பதிச்சு போல்ட்டு போட்டுடுங்க, திருகி திருகி மட்டம் பண்ணிக்கலாம்.

ராயபுரத்துக்காரர் கேட்டதால சொல்றேன், 1856-ல திறந்த உங்க ஊர் ஸ்டேஷன் கட்டடத்தை யாராச்சும் அளவெடுத்து மாடல் பண்ணுங்களேன். இந்தியால இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டடத்துல அதுதான் ரொம்ப பழசு. அந்த முகப்பு தூணு வரிசை ஒண்ணரை அடி ஷெல்ஃப்ல பின்னணியா அவ்ளோ அழகா உக்காரும்.

திருவொற்றியூர், கடல்லேர்ந்து ரெண்டு தெரு. ஸ்லாட்டட் ஆங்கிள் போடலாமா, மரமா? பிளைவுட் எது நல்லது?

ரெண்டுமே போடலாம். ஆங்கிள்ல ஒரு பெரிய வசதி, போல்ட்டு நட்டுதான், பிரிச்சு எடுத்துட்டு போய் வேற அளவுல திரும்ப கட்டிக்கலாம், வாடகை வீட்டுக்கு ரொம்ப பொருத்தம். ஆனா உங்க காத்துல உப்பு, வெட்டுன முனைல இருந்துதான் துரு ஆரம்பிக்கும், அங்க ரெட் ஆக்ஸைடு அடிச்சுட்டு அப்புறமா பெயின்ட் அடிங்க. மரம்னா நல்லா காஞ்ச ரீப்பரா பாத்து எடுங்க, ஈர மரத்துல ஃபிரேம் அடிச்சா வெயில் வந்ததும் முறுக்கிக்கும்.

பிளைவுட்ல மேல்தட்டுக்கு 12 எம்எம், அடில ஒன்னேகால் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் இருந்தா 9 எம்எம் கூட போதும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் கிரேடு நல்லது, பட்ஜெட் இடிச்சா ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் வாங்குங்க. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு கடற்கரை பக்கம் வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலத்துல ஓரம் எல்லாம் ஊதிடும். எது வாங்கினாலும் மேல, கீழ, நாலு ஓரம் எல்லாத்துக்கும் பெயின்ட் அடிங்க. மேல மட்டும் அடிச்சு விட்டீங்கன்னா அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை குடிச்சு பலகை வளைஞ்சிடும்.

தண்டவாளம் போடுறப்போ நிறைய பேர் கவனிக்காதது ஒண்ணு. நீங்க ஐப்பசி கார்த்திகைல, மரம் ஈரத்துல உப்பி இருக்கறப்போ ரெயிலை இடைவெளி இல்லாம ஒட்டிட்டா, அக்னி நட்சத்திரத்துல மரம் சுருங்கும், ரெயில் சுருங்காது, அப்போ ரெயில் போக இடமில்லாம பக்கவாட்டுல நெளியும். வெயில்னால தண்டவாளம் நீண்டுடுச்சுன்னு சொல்லுவாங்க, ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் ரெயில் 10 டிகிரி சூட்டுக்கு நீளுறது மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குகூட வராது, வேலையை காட்டுறது பெரும்பாலும் அடில இருக்குற மரம்தான். மழைக்காலத்துல போட்டா ஜாயின்ட்ல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி விடுங்க.

வணக்கம் அண்ணா. எங்க வீட்டுக்காரர் ஹால்ல ரயில் டேபிள் போடணும்னு ஒத்த கால்ல நிக்கிறார். ஒரே ஹாலு, பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிக்கணும். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வியாசர்பாடி.

பசங்க படிப்புதான்மா முதல்ல, அதுல பேச்சே இல்ல. அவர்கிட்ட இதை காட்டுங்க: பசங்க படிக்கிற டேபிளுக்கு மேல, தரைலேர்ந்து நாலரை அடி உயரத்துல ஒரு அடி அகலத்துக்கு ஷெல்ஃப், அவ்ளோதான். அதோட அடில ஒரு டியூப்லைட் மாட்டினா பசங்களுக்கும் நல்ல வெளிச்சம். அவருக்கும் அந்த உயரம் ரொம்ப நல்லது, வண்டி கண்ணுக்கு நேரா போறப்போதான் நிஜ ரயில் மாதிரி இருக்கும், மேலேர்ந்து குனிஞ்சு பாத்தா பொம்மை மாதிரிதான் தெரியும். சத்தம் பத்தி மட்டும் கண்டிஷன் போடுங்க, வெறும் பலகை மேல தண்டவாளத்தை ஒட்டக்கூடாது, நடுவுல கார்க் ஷீட் போடணும், பசங்க படிக்கிற நேரத்துல வண்டி ஷெட்ல நிக்கணும்.

கொருக்குப்பேட்டைல லைனை ஒட்டி வீடு. கூட்ஸ் போனா டேபிள் மேல நிக்கிற வேகன் தானா நகருது.

ஊசிமுனை ஆக்சில் போட்ட வேகன் அவ்ளோ லேசா உருளும். முதல்ல சைடிங்கை, அதாவது வேகன் ஒதுங்கி நிக்கிற லைனை, ரசமட்டம் வச்சு பாருங்க, கண்டிப்பா ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். கால் அடில ரப்பர் வைங்க. அப்படியும் நகந்தா, வேகன் நிக்கிற இடத்துல ரெண்டு ஸ்லீப்பருக்கு நடுவுல மெல்லிய ஊசியால ஓட்டை போட்டு நைலான் பிரஷ் முடி ஒண்ணு ரெண்டு சொருகி, ஆக்சிலை லேசா உரசுற உயரத்துக்கு வெட்டி விடுங்க. எஞ்சின் இழுத்தா வரும், அதிர்வுக்கு நகராது.

ஐசிஎஃப்-ல கோச் கட்டி ரிட்டயர் ஆனவன் நான், பெரம்பூர். ஹெச்ஓ-ல பிராட்கேஜ் கோச் பாத்தேன், அடில சக்கரம் ரெண்டும் உள்ள தள்ளி இருக்கு, மனசு ஒப்பலை. என்ன வழி?

ஐயா, 1955-ல ஆரம்பிச்ச அந்த ஃபேக்டரில கோச் கட்டுன கண்ணுக்கு அது உறுத்தாமதான் இருக்குமா! நம்ம பிராட்கேஜ் 1676 எம்எம், 87-ல வகுத்தா 19.26 வரணும், கடைல விக்கிற ஹெச்ஓ தண்டவாளம் 16.5, கிட்டத்தட்ட 3 எம்எம் கம்மி. சரியா வேணும்னா தண்டவாளம், பாயின்ட் (தடம் பிரியுற இடம்), சக்கரம் எல்லாத்தையும் கையால பண்ணணும், உங்களுக்கு கை வேலை வரும், ஆனா வருஷக்கணக்கா இழுக்கும்.

நான் ஆசையா சொல்ற வழி வேற. மீட்டர்கேஜ் பண்ணுங்க. 1000-ஐ 87-ல வகுத்தா 11.49, கடைல டிடி-ங்குற இன்னொரு மாடல் ஸ்கேலுக்கு 12 எம்எம் தண்டவாளம் கிடைக்குது, அரை எம்எம்தான் வித்தியாசம், கண்ணுக்கு தெரியவே தெரியாது. டிடி எஞ்சினோட அடிபாகத்தை எடுத்து மேல பாடி மட்டும் நீங்க கட்டிக்கலாம். 1931-லேர்ந்து 2004 வரைக்கும் பீச் தாம்பரம் ஓடுன மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் வண்டி, அதுல போயிட்டு வந்த உங்களை மாதிரி ஆளுங்க கட்டலைன்னா வேற யாரு கட்டுறது? ஜன்னல் கம்பி எப்படி இருந்துச்சு, உள்ள சீட்டு எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கற ஆளுங்க கட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசை. டேபிளை உக்காந்து வேலை பண்ற மாதிரி 30 இஞ்ச் உயரத்துலயே போடுங்க, முட்டி தாங்கணும்ல.

அண்ணா, தண்டையார்பேட்டை, பிளஸ் டூ. கைல காசு இல்ல. என்ன பண்ணலாம்?

தம்பி, ஒரு அடி அகலம், அஞ்சடி நீளம், ஒரே ஒரு பலகை. இங்கிலாந்துல ஆலன் ரைட்னு ஒருத்தர் யோசிச்ச இங்கிள்நூக்னு ஒரு ஷன்டிங் (வேகனை தள்ளி இழுத்து வரிசை மாத்துறது) பிளான் இருக்கு. மூணே சைடிங், ஒண்ணுல அஞ்சு வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மூணு மூணு, ஒரு சின்ன எஞ்சின், எட்டு வேகன், ரெண்டு பாயின்ட். இழுத்து வர்ற லைன்ல எஞ்சினும் மூணு வேகனும்தான் அடங்கணும். சீட்டு குலுக்கி போட்டு அஞ்சு வேகனை அந்த வரிசைல நிறுத்தணும், அதுதான் ஆட்டம். எட்டுல அஞ்சை வரிசைப்படுத்த 6,720 விதம் இருக்கு, பெர்முடேஷன் படிக்கிறீங்கள்ல, போட்டு பாருங்க. எட்டு வேகனும் ஒரே நாள்ல வாங்க வேணாம், அட்டைல கட்டி சக்கரம் மட்டும் வாங்கினா போதும். பரீட்சை முடியட்டும், பலகையை கட்டிலுக்கு அடில தள்ளி வைங்க.

பட்டாளம். கீழ் வீடு, மழை வந்தா தண்ணி உள்ள வருது. இந்த ஹாபியே எனக்கு வேணாமா?

ஏன் வேணாம்? லேஅவுட்டை துண்டா போடுங்கன்னு நான் திரும்ப திரும்ப சொல்றதே உங்களை மாதிரி வீட்டுக்குத்தான். டேபிள் உயரம் நாலடிக்கு கம்மியா வேணாம், டிசம்பர் மழைல உங்க வீட்டுக்குள்ள எந்த அளவுக்கு தண்ணி நின்னுச்சோ அந்த கறை சுவத்துல இருக்கும், அதுக்கு மேல ஒண்ணரை அடி கணக்கு வச்சுக்கோங்க. கால் மரத்துல வேணாம், ஆங்கிள்ல போடுங்க. டிரான்ஸ்ஃபார்மர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்ட்ரோலர் எதுவும் தரைல இருக்கக்கூடாது, எல்லாம் டேபிள் மேல. ரெட் அலர்ட்னு நியூஸ்ல சொன்ன உடனே மெயின் பிளக்கை பிடுங்கிட்டு வண்டி பெட்டியை பரண்ல ஏத்திடுங்க, கம்பியை உருவி டேபிளை ஒவ்வொண்ணா மாடி வீட்டுல குடுங்க. மழைக்கு முன்னாடியே மாடி வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வச்சுக்கோங்க.

தண்டவாளம் கருத்துப் போச்சு, உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா? எண்ணூர்.

வேணாம். கீறல் விழும், அந்த கீறல்லயே அழுக்கு சேந்து இன்னும் சீக்கிரம் கருக்கும். பழைய பனியன் துணில ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு தொடைங்க, ஜன்னலை திறந்து வச்சுட்டு பண்ணுங்க. ஓட்டாதப்போ மேல ஒரு வேட்டியை போத்தி வைங்க.

மாமா அமெரிக்காலேர்ந்து ட்ரெயின் செட் அனுப்பினார், இன்னும் பிரிக்கலை. பின் அடாப்டர் போட்டு அப்படியே சொருகிடலாமா? காசிமேடு.

சொருகாதீங்க! அங்க 120 வோல்ட், இங்க 230. பின் அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது, பவர் பேக் எரிஞ்சுடும். பவர் பேக் பின்னாடி ஒட்டியிருக்குற லேபிளை படிங்க. இன்புட் 100-240-ன்னு இருந்தா அப்படியே போடலாம், 120 மட்டும் இருந்தா ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க, லேபிள்ல போட்டிருக்குற வாட்டை விட கொஞ்சம் பெருசா.