கூலியைப் படிக்க ஆசைப்படும் மகள்: களியக்காவிளைத் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மகள் பிளஸ் டூ, கணிதம் - கணினி அறிவியல் பிரிவு. மார்க் நன்றாக வரும். அவள் அப்பா கொத்தனார், கேரளத்து நெய்யாற்றின்கரைப் பக்கம் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். "அங்கே ஒரு கூலி, இங்கே ஒரு கூலி, அது ஏன்?" என்று சின்ன வயதிலிருந்தே கேட்பாள். இப்போது பி.ஏ. பொருளியல் படித்து, கூலி பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். நாங்கள் இன்ஜினியரிங் சேர்க்கலாம் என்று இருந்தோம். பி.ஏ. படித்தால் பிழைக்க வழி உண்டா?

பதில்:

அம்மா, உங்கள் மகள் கேட்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. ரிசர்வ் வங்கி மாநிலவாரிப் புள்ளிவிவரக் கையேடு ஒன்றை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் 2022-23ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 501 ரூபாய். நடுவே இருப்பது களியக்காவிளை எல்லை. அதைத் தாண்ட ஒரு பஸ் டிக்கெட் போதும். இவ்வளவு எளிதாக ஆள் போய்வரும் இடத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் கரையவில்லை? எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மார்த்தாண்டத்துக் கூலி எந்தப் பக்கம் சாய்கிறது? தொழிலாளர் பொருளியல் என்ற துறை இருப்பதே இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான்.

இதே போல எல்லையை வைத்துச் செய்த ஓர் ஆய்வு அந்தத் துறையையே புரட்டிப் போட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிக்கூலியின் குறைந்தபட்சத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரு பக்கமுமாக 410 துரித உணவுக் கடைகளைக் கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்பதே அதுவரை பாடம். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று 1994இல் எழுதினார்கள். வேறு ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். வாதம் பல ஆண்டுகள் நீண்டது. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. குரூகர் 2019இலேயே காலமாகிவிட்டார்.

உங்கள் மகள் "அதையே களியக்காவிளையில் செய்கிறேன்" என்று கிளம்பக்கூடும். நல்ல ஆசைதான். ஆனால் ஒரு சிக்கலை முதல் நாளே அவள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மாற்றம் நடக்க வேண்டும், மறுபக்கம் அந்த மாற்றம் தொடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். இங்கே உங்கள் வீட்டுக்காரர் காலையில் அந்தப் பக்கம், இரவில் இந்தப் பக்கம். அங்கே கூலி ஏறினால் இங்கிருந்து ஆள் போகும். ஆள் போனால் இங்கே கொத்தனாருக்குத் தட்டுப்பாடு வந்து இங்கேயும் கூலி ஏறும். அப்படி ஏறியதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு பக்கத்தையும் கழித்துப் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும். ஆள் மட்டுமா, முதலாளியும் எல்லை தாண்டுவார். கேரளத்தில் முந்திரித் தொழிலின் குறைந்தபட்சக் கூலி கறாராக அமலானபோது கொல்லத்து முதலாளிகள் பலர் குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, திறந்தது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கருவிதான் எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு அலசும் முறை. அதற்கு அடிப்படை கணிதம்.

அதனால் முதல் நிபந்தனை: பொருளியல் படிக்கட்டும், கணிதத்தை விட வேண்டாம். அவள் கணிதப் பிரிவில் இருப்பது பெரிய அனுகூலம். பி.ஏ.வில் சேர்ந்ததும் பலர் செய்யும் தவறு, "இனி கணக்கு இல்லை, தப்பித்தோம்" என்று புத்தகத்தை மூடிவிடுவது. மூன்று வருடம் கழித்து முதுகலை நுழைவுத் தேர்வில் வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு என்று கேள்வி வரும்போது கை ஓடாது. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி போன்றவற்றில் பொருளியல் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ எடுக்க முடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முடியாது என்றால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். வாரத்தில் 6 மணி நேரம் தவறாமல் உட்கார வேண்டும். பி.எஸ்சி. கணிதம் அல்லது புள்ளியியல் படித்துவிட்டு முதுகலையில் பொருளியலுக்கு வருவதும் நல்ல வழி. என்னைக் கேட்டால், பொருளியல் ஆசிரியர்கள் வலுவாக இல்லாத கல்லூரிதான் கிடைக்கிறது என்றால் அந்த வழியே மேல்.

இரண்டாவது, வெறும் பி.ஏ.வோடு நிறுத்துவதாக இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி எழுத எந்தப் பட்டமும் போதும். பொருளியலுக்கென்று தனி மதிப்பு முதுகலையில்தான் தொடங்குகிறது, அதுவும் எங்கே படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு சியூஇடி - பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத் தனித் தேர்வு, கணிதம் கடினமாக இருக்கும். ஐஐடிகள் முதுகலைக்கு நடத்தும் ஜாம் தேர்விலும் 2021 முதல் பொருளியல் தாள் உண்டு. ரிசர்வ் வங்கி உருவாக்கிய மும்பை இந்திரா காந்தி மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பிஎச்டிக்கு அடையாறில் எம்ஐடிஎஸ் எனப்படும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ். உங்களுக்கு மிகவும் பக்கம் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ். பொருளியலாளர் கே.என்.ராஜ் கட்டியெழுப்பிய நிறுவனம் அது. கட்டடங்கள் லாரி பேக்கர் வடிவமைத்தவை. கேரளத் தொழிலாளர், இடம்பெயர்வு பற்றி பல பத்தாண்டு ஆய்வு அங்கே சேர்ந்திருக்கிறது. சேர்க்கை முறை எங்கும் அவ்வப்போது மாறும், பழைய தகவலை நம்பாமல் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். எம்.ஏ. முடித்தவர் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை 21 முதல் 30 வயதுக்குள் எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. வென்றால் மத்திய அரசில் குரூப் ஏ அதிகாரி. யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்டி செய்யும்போதே முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கல்லூரி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். இவை தவிர, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஆய்வு உதவியாளர் வேலை உண்டு. தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு அங்கே இடம் எளிதாகக் கிடைக்கிறது. மொத்தக் கணக்கு இது: மூன்று, இரண்டு, பிஎச்டிக்கு நான்கோ ஐந்தோ. ஒன்பது பத்து வருடம். ஐந்தாம் வருடத்தில் இறங்கிக்கொள்ள ஒரு நல்ல வாசல் உண்டு. மூன்றாம் வருடத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை. மூன்றே வருடத்தில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டிய நிலை என்றால் அதை இப்போதே அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி, இந்தத் துறையில் வேலை எப்படி இருக்கும், எங்கே சறுக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சமூகப் பொருளாதார நிலை" என்று தலைப்பு வைத்து, ஒரே ஊரில் எளிதில் கிடைத்த 150 பேரிடம் படிவம் நிரப்பி, சதவீத அட்டவணை போட்டு, பைண்ட் செய்து கொடுக்கும் ஆய்வேடுகள் நம் பக்கத்தில் நிறைய வருகின்றன. அவற்றிலிருந்து கூலி பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. காரணம், "உங்கள் நாள் கூலி எவ்வளவு?" என்ற முதல் கேள்வியே தப்பு.

அண்டி ஆபீஸில் முந்திரிக் கொட்டையின் தோடு உடைக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாள் கூலியே கிடையாது, கிலோவுக்குத்தான் கூலி. பருப்பு முழுசாக வந்தால் ஒரு மதிப்பு, உடைந்தால் குறைவு. டபிள்யூ 320 என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், ஏறக்குறைய 320 முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு. கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 50 ரூபாய், நாளுக்கு 7 கிலோ. "நாளைக்கு 350" என்று அவர் சொல்வார். ஆய்வு செய்பவர் அதை 26ஆல் பெருக்கி மாதம் 9,100 என்று எழுதிவிடுவார். கொட்டை வரத்து இல்லாமல் அந்த மாதம் 15 நாள்தான் ஆபீஸ் திறந்தது என்றால் உண்மையில் கிடைத்தது 5,250. பிஎஃப் பிடித்தம் இன்னும் கழிக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியவை: போன வாரம் எத்தனை நாள் போனீர்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீர்கள், கைக்கு எவ்வளவு வந்தது.

ரப்பர் பால் வெட்டுபவருக்கு மழை நாளில் வருமானம் இல்லை, இலை உதிரும் மாதங்களில் வெட்டே இல்லை. கடலோரத்தில் இன்னும் நுட்பம். விசைப்படகில் போகிறவருக்குக் கூலி கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், படிச்செலவு கழித்த பிறகு படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பிரியும். நம் மாவட்டத்தில் மட்டும் இரண்டு தடைக்காலம்: சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் ஒரே வாரத்தில் சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் கணக்கெடுத்து, "குளச்சல்காரர் வசதியானவர்" என்று எழுதினால் எவ்வளவு பெரிய பிழை!

அரசு ஆய்விலும் இந்த வேறுபாடு இருக்கிறது. 2017 முதல் நடக்கும் பிஎல்எஃப்எஸ் என்ற தொழிலாளர் கணக்கெடுப்பு மாதச் சம்பளக்காரரிடம் போன மாதச் சம்பளத்தையும், சுயதொழில் செய்பவரிடம் கடந்த 30 நாள் வருமானத்தையும், தினக்கூலியிடம் கடந்த 7 நாளில் ஒவ்வொரு நாளின் கூலியையும் கேட்கிறது. பங்குக்கு மீன்பிடிப்பவரை எதில் போடுவது என்பதே தனி விவாதம். இந்தத் தரவு முழுவதையும் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆர் என்ற மென்பொருளும் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு இடத்தில் தவறுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்பட்டிருக்கும் பெருக்கெண்ணை (அந்த வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்) பயன்படுத்தாமல் நேரடியாகச் சராசரி எடுப்பது ஒன்று. குமரி மாவட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, கையில் நிற்கும் சில நூறு பேரை வைத்து மாவட்டக் கூலியைச் சொல்வது இன்னொன்று.

பெண் பிள்ளைக்கு இது பொருந்துமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். 2023இல் பொருளியல் நோபல் பெற்றவர் கிளாடியா கோல்டின் என்ற பெண்மணி. அமெரிக்கப் பெண்களின் வேலையையும் ஊதியத்தையும் 200 ஆண்டு ஆவணங்களில் தேடி, இன்று ஆண் - பெண் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தைக்குப் பிறகுதான் திறக்கிறது என்று காட்டியவர். அண்டி ஆபீஸில் வறுக்கும் ஆணுக்கு நாள் கணக்கு, உடைக்கும், தோல் உரிக்கும் பெண்ணுக்கு எடைக் கணக்கு என்று வந்தது எப்படி? அதை உள்ளே போய்க் கேட்க நம் ஊர்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் பேச்சு வெளியிலிருந்து வருபவருக்குக் கிடைக்காது.

செலவு விஷயம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். உங்கள் வீட்டுக்காரர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. பதிவு புதுப்பிக்காமல் விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுவோர் அதிகம், அட்டையை இன்றைக்கே எடுத்துத் தேதி பாருங்கள்.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். அப்பா வீடு வந்ததும் தினமும் ஒரு வரி எழுதட்டும்: தேதி, எந்த ஊர், வேலை உண்டா இல்லையா, எத்தனை மணி நேரம், கூலி, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனது, மீதி. வேலை இல்லாத நாளையும் விடாமல் எழுத வேண்டும், ஏன் இல்லை என்ற காரணத்தோடு. பக்கத்து வீட்டில் மார்த்தாண்டத்திலேயே வேலை செய்யும் கொத்தனார் யாராவது சம்மதித்தால் அவருக்கும் ஒரு பக்கம். மூன்று மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கு இன்னும் கேள்வி மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பொருளியலுக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.