மணிமுத்தாறு அணைப் பக்கம் பூச்சி தின்னும் செடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

டிசம்பர் லீவில் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல நேரம்தான். வடகிழக்குப் பருவமழையால் தரை ஈரம் காயாமல் இருக்கும்.

குடுவை மாதிரி தொங்கும் செடியை எதிர்பார்த்து வராதீர்கள். அது இந்தியாவில் மேகாலயா பக்கம்தான் காட்டில் வளர்கிறது. நம் ஊரில் தேட வேண்டியது அழுகண்ணி. ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். செவ்வட்டமாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நின்றபடி பார்த்தால் தெரியாது, குத்தவைத்துத்தான் தேட வேண்டும். அணைத் தண்ணீருக்குள் தேடாமல், புல் குட்டையாக இருக்கும் சரளைத் தரையில், நீர் கசியும் சரிவுகளில் பாருங்கள். சத்தில்லாத மண்ணில் தழைச்சத்து போதாததால்தான் அது பூச்சியைப் பிடிக்கிறது. உரம் போட்ட வயலோரத்தில் தேடுவது வீண்.

வெயில் ஏறிய பிறகு, சூரியனுக்கு எதிர்முகமாகப் பாருங்கள். பனி காய்ந்த பின்னும் இலை நுனிகளில் துளி மினுங்கினால் அதுதான். அது பனியல்ல, பசை. எறும்பு ஒட்டினால் இழைகள் மெல்ல வளைந்து மூடுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

தண்ணீரிலும் பூச்சி தின்னும் செடி உண்டு. குளத்தில் மஞ்சள் பூ மட்டும் நீருக்கு மேல் நின்றால், அடியில் நூல்போன்ற இலைகளில் சின்னச் சின்னப் பைகள் இருக்கிறதா பாருங்கள். நீர்ப்பூச்சி தொட்டதும் பை கண்ணிமைக்குமுன் அதை உறிஞ்சிவிடும்.

பிடுங்க மட்டும் விடாதீர்கள். மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே செடி எடுப்பது குற்றம். ஒரு கை லென்ஸ் கொண்டு வாருங்கள், போதும்.