எதையும் விட்டுவைக்காத பேனா

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவனின் விடுதி அறையில் 'ஹார்ட் பாயில்ட்' காமிக்ஸைப் பார்த்து மிரண்டுபோயிருக்கிறேன். ஃப்ராங்க் மில்லர் எழுதி ஜெஃப் டாரோ வரைந்தது. அப்போது படித்தேன் என்று சொல்ல முடியாது, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடங்கள் கழித்து இப்போது புதிய பதிப்பை வாங்கி முறையாகப் படித்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வசனம் குறைவு, கதை அதைவிடக் குறைவு. இதற்காகவா ஒரு மனிதர் இத்தனை கண்ணாடிச் சில்லுகளையும் தோட்டா உறைகளையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைந்தார்? வெறும் கைத்திறனைக் காட்டும் வேலைதானா இது? இல்லை, எனக்கு ஏதாவது பிடிபடவில்லையா?

இன்னொரு கேள்வி. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எந்நேரமும் வரைந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு டாரோவின் படங்களைக் காட்ட ஆசை. இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

எஸ்.,
திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

கதை சிறியதுதான். கார்ல் செல்ட்ஸ் என்று ஒரு காப்பீட்டு விசாரணையாளர். மனைவி, இரண்டு பிள்ளைகள், புறநகரில் வீடு. அவருக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன. அதில் அவர் நிக்ஸன் என்ற வரி வசூலிப்பவர், போகும் இடமெல்லாம் ரத்தம். உண்மையில் அவர் செல்ட்ஸும் இல்லை, நிக்ஸனும் இல்லை. வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் வில்லஃபோர்ட் நிறுவனம் கொலைக்காகத் தயாரித்த இயந்திரம், யூனிட் ஃபோர். மற்ற ரோபோக்கள் அவரைத் தங்களை விடுவிக்க வந்தவராகப் பார்க்கின்றன. கடைசியில் அவர் விடுதலை வேண்டாம் என்று அந்தப் பொய்யான குடும்ப வாழ்க்கைக்கே திரும்பிவிடுகிறார். இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம், சொல்லியும்விட்டேன்.

ஆனால் இந்தக் கதை யாரைப் பற்றியது என்று பாருங்கள். தன் கண் முன்னால் இருப்பதைப் பார்க்க முடியாத ஒருவரைப் பற்றியது. தோல் கிழிந்து உள்ளே உலோகமும் கம்பியும் தெரிகின்றன, அப்போதும் தான் மனிதன் என்றே நம்புகிறார். இப்படி ஒருவரின் கதைக்குத்தான் டாரோ எல்லாவற்றையும் வரைந்து வைத்திருக்கிறார். நாயகன் பார்க்காத அத்தனையும் பக்கத்தில் இருக்கிறது. சுவர் முழுக்க விளம்பரங்கள், தெரு முழுக்கக் குப்பை, பக்கத்தில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கும்போது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் ஜனங்கள். அரை மணி நேரத்தில் முடித்தீர்கள் என்றால் செல்ட்ஸ் அந்த நகரத்தைக் கடந்த வேகத்தில் நீங்களும் கடந்திருக்கிறீர்கள். வசனக் குமிழ்களைப் படித்து முடிப்பதும் இந்தப் புத்தகத்தைப் படிப்பதும் வேறு வேறு.

அவர் கோடு போடும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான ஓவியர்கள் நாம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். நாயகனைச் சுற்றித் தடித்த கோடு, பின்னணிக்கு மெல்லிய கோடு, தேவையில்லாத மூலைகளில் அடர்ந்த கறுப்பு. டாரோ இந்த உதவியை நமக்குச் செய்வதில்லை. ஏறக்குறைய ஒரே தடிமனில் மெல்லிய கோடு, அதுதான் நாயகனின் முகத்துக்கும் அவன் காலடியில் கிடக்கும் நசுங்கிய டப்பாவுக்கும். திட்டுத் திட்டான கறுப்பு அபூர்வம். அதனால் இரட்டைப் பக்கப் படங்களில், திருவிழாக் கூட்டத்தில் தவறிப்போன பிள்ளையைத் தேடுவதுபோல நாயகனைத் தேட வேண்டியிருக்கிறது. தேடும் வழியில் நூறு பேரைப் பார்த்துவிடுகிறோம்.

அதே காலத்தில் மில்லர் தனியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ஹார்ட் பாயில்ட்' முதல் இதழை டார்க் ஹார்ஸ் 1990இல் வெளியிட்டது. மூன்றாவதும் கடைசியுமான இதழ் வர 1992 ஆகிவிட்டது. இடையில் 1991இல் மில்லர் 'சின் சிட்டி'யைத் தொடங்குகிறார். அது முழுக்க முழுக்கக் கறுப்பை நம்பிய ஓவியம். பாதி முகம், ஒரு ஓவர்கோட்டின் விளிம்பு, மழைக்கோடுகள், மீதியெல்லாம் இருட்டு. மறைத்து மறைத்தே கதை சொல்லக்கூடிய ஒரு எழுத்தாளர், எதையுமே மறைக்காத ஓவியரோடு சேர்ந்திருக்கிறார். இந்தப் புத்தகத்தில் மில்லரின் பெரிய பங்களிப்பு எழுதாமல் ஒதுங்கி நின்றதுதான் என்பது என் கருத்து. பக்கம் பக்கமாகப் பேச்சே இல்லாமல் விடுவதற்கு நல்ல மனசு வேண்டும். இந்தக் கூட்டணிக்கு 1991இல் அமெரிக்க காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருது கிடைத்தது.

டாரோவுக்கு இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அவர் அமெரிக்காவின் அயோவாக்காரர், 1955இல் பிறந்தவர். ஹன்னா-பார்பெராவில் கார்ட்டூன்களுக்கு வடிவமைப்பு செய்துகொண்டிருந்தார். 'ட்ரான்' திரைப்படத்துக்காக பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் மோபியஸ் லாஸ் ஏஞ்சலஸ் வந்திருந்தபோது அவரைச் சந்தித்தார். அந்தப் பழக்கம் அவரைப் பிரான்ஸுக்கே கொண்டுபோய்விட்டது. இருவரும் சேர்ந்து ஓர் ஓவியத் தொகுப்பும் செய்திருக்கிறார்கள். மோபியஸின் சுத்தமான கோடும், அதற்கும் முன்னால் டின்டினை வரைந்த எர்ஜேயின் தெளிவும் டாரோவிடம் அப்படியே இருக்கின்றன. ஆனால் எர்ஜேயின் தெளிவு நம்மை அமைதிப்படுத்தும். அதே தெளிவை டாரோ ஒரு நாசமான நகரத்தின் மேல் வைக்கிறார். அழுக்கை அழுக்கான கோட்டில் வரைந்தால் ஒரு மூட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். துல்லியமாக வரைந்தால் ஒவ்வொரு அழுக்கும் யாரோ போட்டது என்று தெரிகிறது.

இப்போது கண்ணாடிச் சில்லுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். ஒரு சண்டைப் படத்தில் கார் உருள்கிறது, அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். அந்தக் காரில் யார் இருந்தார்கள்? யாரும் கேட்பதில்லை, கேட்க நேரம் கொடுப்பதும் இல்லை. டாரோ அந்தக் காரில் இருந்தவரை வரைகிறார், பின் சீட்டில் இருந்தவரையும் வரைகிறார். துப்பாக்கியிலிருந்து கிளம்பிய தோட்டா எங்கே போனது, வழியில் எதைத் துளைத்தது, யார் மேல் பட்டது என்பதற்கெல்லாம் பக்கத்தில் கணக்கு இருக்கிறது. வன்முறையின் செலவை வேறு யார் தலையிலோ கட்டிவிட்டு நாயகனின் ஸ்டைலை மட்டும் நமக்குக் காட்டுகிற வழக்கத்தை நான் வெறுக்கிறேன். இந்தப் புத்தகம் அதைச் செய்யவில்லை. அத்தனை சில்லுகளையும் ஒரு மனிதர் கையால் வரைந்தாக வேண்டியிருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடைப்பது ஒரு நொடி. உடைந்ததை வரைய நாள் கணக்கு.

குறை இல்லாமல் இல்லை. ஓர் அளவுக்கு மேல் கண் மரத்துப்போகிறது, ரத்தத்துக்கு எடை குறைந்துவிடுகிறது. பெண்களை வரைந்திருக்கும் விதம் பல இடங்களில் எனக்குச் சகிக்கவில்லை. அந்த நகரத்தின் ஆபாசத்தைக் காட்டுகிறோம் என்ற நியாயம் எல்லாப் பக்கங்களுக்கும் செல்லாது. முடிவு இன்னும் கொஞ்சம் நின்று நிதானித்து வந்திருக்கலாம். விடுதலையை ஒருவர் கையால் தள்ளிவிடும் இடம் அது, அதை அவசரமாகக் கடந்தது எனக்கு வருத்தம்.

அந்த முடிவு வேறொரு இடத்தில் தொடர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். வச்சோவ்ஸ்கி சகோதரிகள் 'மேட்ரிக்ஸ்' எடுத்தபோது டாரோவைக் காட்சி வடிவமைப்புக்கு அழைத்தார்கள். மனிதர்கள் குழாய்களோடு கிடக்கும் அந்தக் கூடுகள், கால்கள் முளைத்துத் துரத்தும் இயந்திரங்கள் எல்லாம் அவர் கற்பனை. 1999இல் வந்த அந்தப் படத்திலும் உண்மை வேண்டாம், என்னை மறக்கவைத்துத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்கும் ஒருவன் இருக்கிறான். செல்ட்ஸ் ஞாபகம் வராமல் அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடிவதில்லை. இங்கிருந்துதான் அங்கே போனது என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு உலகத்தையும் கட்டிய கை ஒன்று.

பதிப்பு பற்றி ஒரு வார்த்தை. முதலில் நிறம் தீட்டியவர் க்ளோத் லெக்ரி. 2017இல் டேவ் ஸ்டூவர்ட் புதிதாக நிறம் தீட்டிய பதிப்பு வந்தது, உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்டூவர்டின் நிறங்கள் உருவங்களைப் பிரித்துக் காட்டுகின்றன, படிக்க வசதி. ஆனால் 1997இல் 'தி பிக் டேம் ஹார்ட் பாயில்ட்' என்று கறுப்பு வெள்ளையில் மிகப் பெரிய அளவில் ஒன்று வந்தது. அது எங்காவது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சாணித்தாளில் அச்சான கறுப்பு வெள்ளை காமிக்ஸில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்குக் கோட்டைப் பார்க்கும் பழக்கம் நன்றாகவே உண்டு. நிறம் இல்லாதபோதுதான் டாரோ எவ்வளவு தைரியசாலி என்று தெரிகிறது, தப்பாகப் போன ஒரு கோட்டை ஒளித்துவைக்க இடமே இல்லை.

அப்புறம் உங்கள் மகள். இந்தப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். ரத்தமும் ஆபாசமும் அவள் வயதுக்கு ஆகாது. அதே மில்லரும் டாரோவும் 1995இல் 'தி பிக் கை அண்ட் ரஸ்டி தி பாய் ரோபோட்' என்று ஒன்று செய்தார்கள். டோக்கியோவை ஒரு ராட்சதப் பல்லி துவம்சம் செய்கிறது, சின்ன ரோபோ ரஸ்டி தோற்றுப்போக, பெரிய ரோபோ வருகிறது. அதிலும் அடிதடி உண்டு, முதலில் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஆனால் அதில் ஒரு குதூகலம் இருக்கிறது, பழைய ஜப்பானிய ராட்சதப் படங்கள் மேல் வைத்த அன்பு தெரிகிறது, கட்டடங்கள் இடிந்து விழுவதை அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு பேனாவால் வரைந்து பார்க்கும்படி அவளிடம் சொல்லுங்கள். பென்சில் வேண்டாம். 'ஹார்ட் பாயில்டை' இப்போதைக்கு உங்கள் அலமாரியிலேயே வைத்திருங்கள், வளர்ந்த பிறகு கேட்டால் கொடுங்கள்.