பழைய டிராக்டர் படுத்துவிட்டது, தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: மலேசியாவில், பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எனக்குப் பன்னிரண்டு ஏக்கர் செம்பனை இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் குலை ஏற்றும் குத்தகையும் எடுக்கிறேன். புது டிராக்டர் கட்டுப்படியாகாது என்று எட்டு வருடப் பழைய வண்டியை 58,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். 18,000 கையில் கொடுத்தேன். மீதி ஃபைனான்ஸ், 36 மாதத் தவணை. அண்ணன் கியாரண்டர் (ஜாமீன்). ‘மீட்டர் ஒரிஜினல், 2,400 மணி நேரம்தான்’ என்று கடைக்காரர் வாட்சாப்பில் அனுப்பியிருந்தார். மூன்றாம் மாதமே கியர் பெட்டி போய்விட்டது. திறந்து பார்த்த பட்டறை ஃபோர்மேன், எட்டாயிரம் மணி ஓடிய வண்டி என்கிறார். பழுது பார்க்க 14,000 ஆகுமாம். கேட்கப் போனதற்குக் கடைக்காரர் என் மனைவி முன்னாலேயே அவமானப்படுத்தி அனுப்பினார். கோயில் கமிட்டியில் இருப்பவர், நம் ஆள் என்று நம்பினேன். கடைப் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன். இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க முடியுமா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: இந்த வாரமே அந்த இரண்டு தவணையையும் கட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கடையில் பட்ட அவமானத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் இந்த வழக்கில் வேலையில்லை. ஃபேஸ்புக் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவதூறு என்று அவர்தான் உங்களுக்கு முதல் நோட்டீஸ் அனுப்புவார். நடுவர் மன்றமும் கிடையாது. அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம் என்பது உண்மை. ஆனால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் சொந்த உபயோகத்துக்கும் வழக்கமாக வாங்கும் பொருளுக்குத்தான். குலை ஏற்றும் டிராக்டர் அதில் சேராது.

சட்டப்படி பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கு இந்த வண்டியை விற்றது யார்? கடைக்காரர் என்று நினைக்கிறீர்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஹையர் பர்சேஸ் என்று இருந்தால், கடை வண்டியை விற்றது ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. கம்பெனி அதை உங்களுக்குத் தவணையில் விட்டிருக்கிறது. கடைசித் தவணை வரை வண்டி கம்பெனியுடையது. பொருளின் தரம் பற்றி 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உள்ளது. நீங்கள் அந்த இரண்டு பேரில் ஒருவரும் இல்லை. கம்பெனியைப் பிடிக்கலாம் என்றால், தரத்துக்குப் பொறுப்பில்லை என்று அதன் ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். ‘வண்டியைப் பார்த்தேன், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வண்டி வருவதற்கு முன்பே கடை மேசையில் அதில் கையெழுத்து வாங்கிவிடுவது இந்த வியாபாரத்தில் சகஜம்.

ஆக, கடைக்காரர் மேல் உங்களுக்கு மிஞ்சுவது அந்த வாட்சாப் வரி ஒன்றுதான். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன் என்று நஷ்ட ஈடு கேட்கலாம். மூன்று மாதம் ஓட்டிய பிறகு முழுப் பணம் என்பதை மறந்துவிடுங்கள்.

இப்போது தவணை. இந்த மாதிரி வழக்கில் ஆட்கள் விழும் குழி இதுதான். தவணை கட்டாத காரை இழுத்துக்கொண்டு போகக் கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: தொடர்ந்து இரண்டு தவணை தவற வேண்டும், 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 1967 வாடகைக் கொள்முதல் (ஹையர் பர்சேஸ்) சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கார், மோட்டார் சைக்கிள், பஸ், 2,540 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டி எல்லாம் உண்டு. தொழிலுக்கு எடுத்த டிராக்டர் இல்லை. எனவே 21 நாள் கணக்கு உங்களுக்கு ஓடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

‘இழுத்துக்கொண்டு போகட்டும், கணக்கு முடிந்தது’ என்று சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட மோசம். உதாரணத்துக்கு, பாக்கி 36,000 என்று வைத்துக்கொள்வோம். கியர் பெட்டி இல்லாத வண்டி ஏலத்தில் 15,000 போகும். மீதி 21,000, வட்டி, இழுவைக் கூலி, நிறுத்திவைத்த கூலி எல்லாம் சேர்த்து உங்களுக்கும் அண்ணனுக்கும் சம்மன் வரும். கியாரண்டர் மேல் இப்போது கை வைக்க முடியாது என்று காப்பிக் கடையில் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு திவால் நடவடிக்கைக்கு எதிராக மட்டும்தான். அதுவும் படிப்புக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன், சொந்த உபயோக வாகனம் ஆகியவற்றுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு. தொழில் டிராக்டருக்குப் போட்ட அண்ணனுக்கு இல்லை.

அடுத்த ஆபத்து சாட்சியம். ஃபோர்மேன் கண்ணால் பார்த்துச் சொன்ன எட்டாயிரம், குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் நிற்காது. ‘களிமண் நிலத்தில் அதிக பாரம் இழுத்து நீங்களே உடைத்தீர்கள்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். கழற்றிய பல் சக்கரம், பேரிங், வடித்த எண்ணெயில் ஒரு போத்தல், எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். வழக்குப் போட ஆறு ஆண்டு கெடு இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் போன பல் சக்கரம் ஆறு வாரம்கூட இருக்காது. சேசிஸ் எண் தெரியும்படி படம் எடுங்கள். பி.டி.ஓ. தண்டின் (எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) பற்கள் தேய்ந்து கூர்மையாக இருக்கிறதா, டிரெய்லர் பின் மாட்டும் ஓட்டை முட்டை வடிவாகியிருக்கிறதா என்று பார்த்து அதையும் எடுங்கள். 2,400 மணி வண்டியில் இவ்வளவு தேய்மானம் வராது. எட்டு வருடத்தில் 2,400 என்றால் வருடத்துக்கு 300. நாளைக்கு 6 மணி, மாதம் 25 நாள் குலை ஏற்றும் வண்டி ஒரே வருடத்தில் 1,800 ஓடிவிடும். கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) முந்தைய உரிமையாளர் தோட்டக் கம்பெனி என்று இருந்தால், அதன் பட்டறைப் பதிவேட்டில் எத்தனையாவது மணியில் எண்ணெய் மாற்றினார்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பக்கம் ஃபோர்மேனின் பத்து வார்த்தைக்குச் சமம். இனி ஒரு போல்ட்டைக் கழற்றுவதானாலும் கடைக்காரருக்கு முதலில் தேதி சொல்லி எழுதுங்கள். அவர் வராவிட்டால் அது உங்களுக்குத்தான் நல்லது.

இத்தனையும் கைக்கு வந்தாலும், 14,000 வெள்ளிக்காக தெலுக் இந்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வக்கீல் கூலி, நிபுணர் சாட்சி, வண்டி நிற்கும் நாளில் போகும் குத்தகை எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஆதாரங்களோடு ஒரு வக்கீல் நோட்டீஸ், 14 நாள் அவகாசம், பிறகு பேச்சுவார்த்தை. எட்டு, ஒன்பதாயிரம் தந்தாலும் சரி, தன் செலவில் கியர் பெட்டி மாற்றித் தந்தாலும் சரி, வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் காசோலையோடு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளும் வரும். அதில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பழுது பார்த்த வண்டி பாரத்தோடு 100 மணி நேரம் ஓடிய பிறகே அந்த வாசகம் செல்லும் என்று எழுத வையுங்கள். அன்றைய மீட்டர் அளவும் எஞ்சின் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். காசோலை பாஸ் ஆகும்வரை அந்த வாட்சாப் செய்தி இருக்கும் போனை மாற்றாதீர்கள்.